35 பேர் எழுந்து நடந்த இரவு

எபிசோடைக் கேட்க நேரமில்லாதவங்களுக்காக இந்த எழுத்து வடிவம். பேசும்போது நான் விட்ட "அது வந்து", "ஆக்சுவலி" எல்லாத்தையும் எடுத்துட்டேன். சில இடங்களில் ஆண்டுகளைச் சேர்த்திருக்கிறேன். மத்தபடி பேசினது பேசினபடியே.

பிலிப்பைன்ஸ்னு சொன்னா நம்ம ஊர்ல முதல்ல ஞாபகம் வர்றது டாக்டர் படிப்பு. நம்ம பசங்க நிறைய பேர் அங்க போய்ப் படிச்சுட்டு வர்றாங்க. எனக்கும் அதுக்கு மேல எதுவும் தெரியாது. இப்போ ஒன்றரை வருஷமா மணிலாவில் இருக்கிற ஒரு டீமோட சேர்ந்து வேலை பார்க்கிறேன். அந்த டீம்ல ஒரு பெண், என்னைவிட ரெண்டு வயசு சின்னவங்க. ஒரு நாள் ராத்திரி ரிலீஸ் முடியறதுக்காகக் காத்துட்டிருந்தப்ப, சும்மா பேச்சு வாக்குல சொன்னாங்க: "நான் 2018-ல எங்க பரங்காய்ல தேர்தல்ல நின்னு ஜெயிச்சேன். அப்போ எனக்கு இருபது வயசு."

பரங்காய்னதும் ஏதோ காய்கறின்னு நினைச்சுட்டேன். அது பிலிப்பைன்ஸின் மிகச் சிறிய ஆட்சி அலகு. நம்ம ஊராட்சி, வார்டு மாதிரி. நாடு முழுக்க சுமார் 42,000 பரங்காய்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இளைஞர்களுக்கென்று தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மன்றம். அதன் பெயர் சங்குனியாங் கபாட்டான். சுருக்கமா எஸ்.கே. ஒரு தலைவர், ஏழு உறுப்பினர்கள். வாக்களிக்க 15 வயது போதும். பரங்காயின் பொது நிதியில் 10 சதவீதம் இந்த மன்றத்துக்கு.

அந்த நிதியை என்ன பண்ணீங்கன்னு கேட்டேன். "எல்லாரும் கூடைப்பந்துப் போட்டி நடத்தச் சொன்னாங்க. அதையும் பண்ணோம். மிச்சத்துல ஒரு பிரிண்டர் வாங்கி, பள்ளிப் பிள்ளைகளுக்குக் காசில்லாம பிரிண்ட் எடுத்துக் கொடுத்தோம்"னு சொன்னாங்க. அப்புறம் கேட்டாங்க: "உங்க ஊர்ல நீங்க என்ன பண்ணீங்க?"

எங்க வார்டு கவுன்சிலர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ரிலீஸ் முடிஞ்சிடுச்சுன்னு சொல்லி காலைக் கட் பண்ணிட்டேன். ரிலீஸ் முடியல.

அந்தக் கேள்விதான் என்னைப் பிலிப்பைன்ஸ் வரலாற்றுக்குள் இழுத்துப் போட்டது. போன இடத்தில், என்னை மாதிரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்த சிலரின் கதை கிடைத்தது. அதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னால போகணும்.

இருபதுகளில் இறந்தவர்கள்

ஹோசே ரிசால் பிலிப்பைன்ஸின் தேசிய நாயகர். 1879-ல், தன் 18-வது வயதில், பிலிப்பைன்ஸ் இளைஞர்களை நோக்கி ஸ்பானிய மொழியில் ஒரு கவிதை எழுதினார். மணிலாவில் நடந்த இலக்கியப் போட்டியில் அதற்குப் பரிசு கிடைத்தது. நாட்டின் நம்பிக்கை இளைஞர்களிடம்தான் இருக்கிறது என்கிற பேச்சு, அந்த நாட்டில் பள்ளிக்கூட மேடைகள்வரை அங்கிருந்துதான் பரவியது. அவரை 1896 டிசம்பர் 30 அன்று ஸ்பானிய அரசு சுட்டுக் கொன்றபோது வயது 35.

அவருக்குப் பின் வந்தவர்கள் இன்னும் சின்னவர்கள். கடிபுனான் என்கிற ரகசியப் புரட்சி இயக்கத்தின் நெறிமுறைகளை எழுதி, அதன் பத்திரிகையையும் நடத்திய எமிலியோ ஹசிந்தோ, 1899-ல் இறந்தபோது வயது 23. அதே ஆண்டு டிசம்பரில் திராட் கணவாயில் அமெரிக்கப் படையைத் தடுத்து நின்று இறந்த தளபதி கிரெகோரியோ டெல் பிலார், 24 வயதுக்காரர்.

இதைப் படிக்கிறப்ப எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. சிலை வைக்கிற அளவுக்குப் பெரிய ஆட்களைக் காட்டி "நீயும் நாட்டைக் கட்டு"ன்னு சொன்னா, சாதாரண ஒருத்தன் என்ன பண்ணுவான்? கணவாய்ல போய் நிக்கவா முடியும்? மரியாதையா ஒரு கும்பிடு போட்டுட்டு வேலையைப் பார்க்கப் போயிடுவான். நானும் அப்படித்தான்.

ஒரு கேள்வியின் விலை

1972-ல் அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸ் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். அதற்கு முன்பு, 1970-ன் முதல் மூன்று மாதங்களில் மணிலா வீதிகளை நிறைத்தவர்கள் மாணவர்கள். இளைஞர்கள் கூடினால் என்ன ஆகும் என்பது மார்கோஸுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. 1975-ல் அரசே இளைஞர்களுக்கு ஓர் அமைப்பைத் தொடங்கியது. பெயர் கபாட்டாங் பரங்காய். இன்றைய எஸ்.கே.வுக்கு முன்னோடி அதுதான். தேசியத் தலைவர், மார்கோஸின் மகள் இமீ மார்கோஸ்.

1977 ஆகஸ்ட் 31. மணிலாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இமீ கலந்துகொண்ட திறந்த விவாத அரங்கு. மாப்புவா தொழில்நுட்பக் கல்லூரி மாணவர் ஆர்க்கிமிடிஸ் ட்ரஹானோ எழுந்து ஒரு கேள்வி கேட்டார். இந்த அமைப்புக்கு ஏன் அதிபரின் மகளே தலைவராக இருக்க வேண்டும்? அவ்வளவுதான் கேள்வி. அவருக்கு வயது 21. மேடையில் இருந்தவருக்கும் அப்போது அதே வயதுதான்.

பாதுகாவலர்கள் அவரை அரங்கிலிருந்து இழுத்துச் சென்றார்கள். பிறகு கிடைத்தது சித்திரவதைக் காயங்களோடு அவருடைய உடல். மார்கோஸ் குடும்பம் 1986-ல் ஹவாய்க்கு ஓடிய பிறகு, ட்ரஹானோவின் தாயார் அங்கேயே வழக்குப் போட்டார். இமீ ஆஜராகாத நிலையில், 40 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தரவேண்டும் என்று அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் 1992-ல் அது உறுதியானது. ஆனால் அந்தத் தீர்ப்பைப் பிலிப்பைன்ஸில் நிறைவேற்றும் முயற்சி, சம்மன் முறைப்படி சேர்க்கப்படவில்லை என்ற காரணத்தால் 2006-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது.

அந்தப் பையனை நினைச்சுப் பாருங்க. நாட்டின் இளைஞர்களே வாருங்கள்னு அரசு மேடை போட்டுக் கூப்பிட்டது. அவர் வந்தார். கேள்வி கேட்டார். இளைஞர் பங்கேற்புன்னா அரசு என்ன எதிர்பார்த்ததுன்னு அதுக்கு அப்புறம் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. வா, உட்கார், கைதட்டு.

டேட்டாபேஸில் ஒன்று, போர்டில் ஒன்று

1983-ல் எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ, நாடு திரும்பி விமானத்தை விட்டு இறங்கிய உடனேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மக்களின் கோபம் அடங்கவில்லை. 1985 நவம்பரில் மார்கோஸ், அமெரிக்கத் தொலைக்காட்சி நேர்காணல் ஒன்றில், முன்கூட்டியே தேர்தல் நடத்துகிறேன் என்று அறிவித்தார். எதிர்த்து நின்றவர், கொல்லப்பட்டவரின் மனைவி கொரசோன் அக்கினோ. வாக்குப்பதிவு 1986 பிப்ரவரி 7.

இந்தத் தேர்தலில் இரண்டு எண்ணிக்கைகள் நடந்தன. ஒன்று தேர்தல் ஆணையத்தின் அதிகாரப்பூர்வ எண்ணிக்கை. இன்னொன்று நாம்ஃப்ரெல் என்கிற குடிமக்கள் அமைப்பு நடத்திய விரைவு எண்ணிக்கை. மாணவர்கள், இல்லத்தரசிகள், கன்னியாஸ்திரிகள், அலுவலக ஊழியர்கள் என்று லட்சக்கணக்கான தன்னார்வலர்கள். வாக்குப் பெட்டிகளை யாரும் தூக்கிட்டுப் போகாம காவல் காத்தவங்க இவங்க. ஒரு பள்ளியின் உள்விளையாட்டரங்கில் உட்கார்ந்து, வந்து சேர்ந்த முடிவுத் தாள்களைக் கூட்டிக் கூட்டிப் போட்டார்கள். அதில் அக்கினோ முன்னிலை. ஆணையத்தின் கணக்கில் மார்கோஸ் முன்னிலை.

ஆணையத்தின் எண்ணிக்கை நடந்த இடம், பிலிப்பைன்ஸ் சர்வதேச மாநாட்டு மையம். வரும் எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையில் ஆபரேட்டர்களும் புரோகிராமர்களும் இருந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், பலர் பெண்கள். எதிரே உலகச் செய்தியாளர்கள் பார்க்கும்படி ஒரு பெரிய எண்ணிக்கைப் பலகை.

நம்ம துறையில இருக்கிறவங்களுக்கு இதைச் சுலபமா சொல்லிடலாம். வாக்குச்சாவடியிலிருந்து தாள் வருது. அதை ஒருத்தர் டைப் பண்றாங்க. கம்ப்யூட்டர் கூட்டுது. பிரிண்ட் வருது. அந்த எண் பலகைக்குப் போகுது. கடைசிப் படியில் எண் மாறினால் வெளியே யாருக்கும் தெரியாது. டைப் பண்ணவங்களுக்கு மட்டும்தான் தெரியும். டேட்டாபேஸில் ஒன்று, டாஷ்போர்டில் ஒன்று. அவர்கள் பார்த்தது அதைத்தான். தங்கள் கம்ப்யூட்டர் சொன்ன எண்ணும் பலகையில் ஏறிய எண்ணும் பொருந்தவில்லை.

பிப்ரவரி 9 இரவு, லிண்டா கபுனான் முன்னே நடக்க, 35 பேர் இருக்கையை விட்டு எழுந்தார்கள். கேமராக்களுக்கு நடுவே நடந்து வெளியேறினார்கள். சிலர் அழுதுகொண்டிருந்தார்கள்.

நான் அந்த அழுகையில்தான் ரொம்ப நேரம் நின்னேன். திராட் கணவாயில் நின்ற தளபதியோடு என்னால் என்னை ஒப்பிட்டுப் பார்க்க முடியல. இவங்களோட முடியுது. அரசு வேலை. மாதச் சம்பளம். வீட்ல அம்மா அப்பா. வெளியே ராணுவச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த ஒரு நாடு. கேள்வி கேட்ட மாணவனுக்கு என்ன நடந்ததுன்னு தெரிஞ்ச ஒரு நாடு. எழுந்திருக்கிறதுக்கு முந்தின நிமிஷம் மனசு என்ன பாடு பட்டிருக்கும்?

அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. பக்லாரன் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தார்கள். எண்கள் பொருந்தவில்லை என்பதை அங்கே செய்தியாளர்களிடம் சொன்னார்கள். மார்கோஸ் ஒழிக என்பதற்காக அவர்கள் எழவில்லை. தங்கள் வேலையின் பெயரால் ஒரு பொய் எண் வெளியே போவதற்குத் துணை நிற்க முடியாது, அதனால் எழுந்தார்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிடறேன். லிண்டா கபுனானின் கணவர் ராணுவ அதிகாரி. மார்கோஸுக்கு எதிராகத் திரண்டுகொண்டிருந்த சீர்திருத்தக் குழுவில் இருந்தவர். அதனால் இது முன்பே திட்டமிட்டதா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும், நியாயமான கேள்விதான். ஆனா திட்டம் எதுவா இருந்தாலும், நாற்காலியில் இருந்து எழுந்தவை 35 ஜோடிக் கால்கள். ஒவ்வொருத்தரும் தனியாத்தான் முடிவெடுத்திருக்கணும்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பிப்ரவரி 13 அன்று கத்தோலிக்க ஆயர்கள் பேரவை, இந்தத் தேர்தல் மோசடியானது என்று அறிக்கை விட்டது. 15 அன்று நாடாளுமன்றம் மார்கோஸுக்குச் சுமார் 1 கோடியே 8 லட்சம் வாக்குகள், அக்கினோவுக்குச் சுமார் 93 லட்சம் என்று அறிவித்தது. 22 அன்று பாதுகாப்பு அமைச்சரும் ராணுவத் துணைத் தளபதியும் மார்கோஸைக் கைவிட்டார்கள். எட்சா நெடுஞ்சாலையில் லட்சக்கணக்கான மக்கள் டாங்கிகளின் முன்னால் நின்றார்கள். 25 இரவு மார்கோஸ் நாட்டை விட்டுப் போனார். இருபது ஆண்டு ஆட்சி முடிந்தது.

35 பேர் எழுந்ததால்தான் மார்கோஸ் வீழ்ந்தார்னு நான் சொல்ல மாட்டேன். ஊர் கூடித்தான் தேர் நகர்ந்தது. ஆனா அதிகாரப்பூர்வக் கணக்கு பொய்னு எதிர்க்கட்சி சொல்றது வேற, அந்தக் கணக்கைப் போட்டவங்களே சொல்றது வேற.

சட்டத்தில் ஏறிய இளைஞர்கள்

அடுத்த ஆண்டு, 1987-ல், புதிய அரசியலமைப்பு வந்தது. நாட்டைக் கட்டுவதில் இளைஞர்களின் பங்கு இன்றியமையாதது, பொதுக் காரியங்களில் அவர்கள் ஈடுபடுவதை அரசு ஊக்குவிக்க வேண்டும் என்று இரண்டாம் பகுதி, 13-ம் பிரிவு சொல்கிறது. 1995-ல் தேசக் கட்டுமானத்தில் இளைஞர்கள் என்ற பெயரிலேயே ஒரு சட்டம் வந்து, தேசிய இளைஞர் ஆணையம் உருவானது. அந்தச் சட்டப்படி 15 முதல் 30 வயது வரை இளைஞர். எனக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி.

பழைய கபாட்டாங் பரங்காய் கலைக்கப்பட்டு, 1991-ன் உள்ளாட்சிச் சட்டத்தில் எஸ்.கே. வந்தது. சட்டத்தில் எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகல. பரங்காய்த் தலைவரின் மகன், மேயரின் மருமகள் என்று குடும்ப அரசியலின் பயிற்சிக் களமாக எஸ்.கே. மாறிவிட்டது என்ற புகார் வளர்ந்தது. 2013-ல் எஸ்.கே. தேர்தலையே தள்ளிவைத்தார்கள். 2018 வரை அந்தப் பதவிகள் காலி. கலைச்சுடலாம்னு சொன்னவங்களும் இருந்தாங்க.

2016-ல் சீர்திருத்தச் சட்டம் வந்தது. வேட்பாளர் வயது 18 முதல் 24. பதவியில் இருக்கும் ஒருவரின் பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர் போன்ற நெருங்கிய உறவினர் போட்டியிட முடியாது. குடும்ப ஆட்சியைத் தடுக்க வேண்டும் என்று 1987 அரசியலமைப்பு சொன்னாலும், அதற்கான பொதுச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றவே இல்லை. அந்தத் தடை முதலில் வந்தது இளைஞர் மன்றத்துக்கு. கையெழுத்துப் போட்டவர் அதிபர் மூன்றாம் பெனிக்னோ அக்கினோ. கொரசோனின் மகன்! பெரியவங்க தங்களுக்குப் போட்டுக்காத விதியைப் பிள்ளைகளுக்குப் போட்டாங்கன்னு இதைச் சொல்லலாம். அந்த விதியாலதான் எந்தக் குடும்பப் பின்னணியும் இல்லாத என் டீம் தோழி 2018-ல நிக்க முடிஞ்சதுன்னும் சொல்லலாம். ரெண்டும் உண்மை.

2022-ல் மார்கோஸின் மகன் மூன்று கோடிக்கும் மேல் வாக்குகள் வாங்கி அதிபரானார். எட்சாவுக்குப் பிறகு பிறந்தவர்களும் அந்தத் தேர்தலில் வாக்களித்தார்கள். அதே தேர்தலில் எதிரணிக்காக வீடு வீடாகப் போய்க் கதவு தட்டிய இளைஞர்களும் ஏராளம். நாட்டைக் கட்டுறதுன்னா ஒரு தடவை கட்டிட்டுச் சாவியைக் கொடுத்துட்டுப் போற வீட்டு வேலை இல்லைன்னு அப்போதான் எனக்குப் புரிஞ்சது.

ஒரு மூங்கில் வண்டி

சரி, பெரிய தேர்தல்களை விடுங்க. 2021 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கு நேரம். கெசோன் நகரின் மகின்ஹாவா தெருவில் ஆனா பாட்ரிசியா நோன் என்ற 26 வயதுப் பெண் ஒரு சிறிய மூங்கில் வண்டியை நிறுத்தினார். அரிசி, காய்கறி, டப்பா உணவு. முடிந்ததைக் கொடு, தேவையானதை எடு என்ற பொருளில் ஓர் அட்டை. அவ்வளவுதான். சில நாட்களில் நாடு முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் அதே மாதிரி வண்டிகள் முளைத்தன.

கூடவே அவரைக் கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தும் பதிவுகளும் வந்தன. பாதுகாப்புக்குப் பயந்து அவர் ஒரு நாள் வண்டியை நிறுத்தினார். மறுநாள் மறுபடி திறந்தார். எனக்கு அந்த மறுநாள்தான் முக்கியமாப் படுது.

என் கதை

இப்போ நான் ஏன் இதை இவ்வளவு நேரம் பேசினேன்னு சொல்லணும். இதைப் பதிவு பண்ணலாமா வேண்டாமான்னு ரெண்டு வாரம் யோசிச்சேன்.

வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம். எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன். மாதாமாதம் வாடிக்கையாளருக்கு ஒரு ரிப்போர்ட் போகும். அதில் எத்தனை சதவீதப் பரிவர்த்தனைகள் வெற்றின்னு ஒரு எண். ஒரு மாதம் அந்த எண் குறைஞ்சிருந்தது. எனக்கு மேல இருந்தவர் என் நாற்காலிக்குப் பின்னால வந்து நின்னு சொன்னார்: "அந்த ஃபெயில் ஆன ஒரு வகையைக் குவெரியில விட்டுடு தம்பி. அடுத்த மாசம் சரி பண்ணிக்கலாம்." ஒரே ஒரு வரி. சேர்த்தேன். எண் அழகாயிடுச்சு. அடுத்த மாசம் யாரும் சரி பண்ணல. நானும் கேட்கல.

யாரும் சாகல. எந்த ஆட்சியும் மாறல. அன்னைக்கு ராத்திரி நான் நல்லாத்தான் தூங்கினேன். இப்போ உறுத்துறது அந்தத் தூக்கம்தான். மணிலாவில் அந்த 35 பேரும் என்னை மாதிரிதான், ஒரு எண்ணுக்கும் இன்னொரு எண்ணுக்கும் நடுவுல உட்கார்ந்திருந்தாங்க. அவங்களுக்கு எழுந்தா உயிருக்கே ஆபத்து. எனக்கு எழுந்திருந்தா அதிகபட்சம் ஒரு அப்ரைசல் போயிருக்கும்.

பிலிப்பைன்ஸ் இளைஞர்களிடம் நாட்டைக் கட்ட வாருங்கள் என்று அவர்களின் அரசியலமைப்பே சொல்கிறது. அந்த அழைப்புக்கு அவர்களின் வரலாறு கொடுக்கிற உருப்படியான பதில்கள் ரொம்பச் சின்னதா இருக்கு. மேடையில் இருப்பவரிடம் ஒரு கேள்வி. பொருந்தாத எண்ணின் முன்னால் காலியான ஒரு நாற்காலி. தெருவோரம் ஒரு மூங்கில் வண்டி. ஒரு பரங்காய் அலுவலகத்தில் ஒரு பிரிண்டர். எதையும் செய்தவர்கள், நாளைக்கு நாட்டின் நம்பிக்கையாக வருவோம் என்று காத்திருக்கவில்லை. அன்றைக்குக் கையில் இருந்த வேலையில் செய்தார்கள்.

போன வாரம் அந்த டீம் தோழியிடம் இந்த எபிசோடைப் பற்றிச் சொன்னேன். பக்லாரன் தேவாலயம் பற்றி அவங்க பாட்டி சொல்லிக் கேட்டிருக்காங்களாம். அப்புறம் நான் எங்க வார்டு கவுன்சிலர் பெயரைச் சொன்னேன். போன மாசம் தேடித் தெரிஞ்சுக்கிட்டேன். எங்க தெருவில் மூணு மாசமா எரியாத விளக்குக்கு மனு கொடுக்கவும் போனேன். இன்னும் எரியல. "சரி, அடுத்து என்ன?"ன்னு கேட்டாங்க. இந்தத் தடவை நான் காலைக் கட் பண்ணல. அடுத்த திங்கட்கிழமை மறுபடி போறேன்னு சொன்னேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு எண், ஒரு நாற்காலி ஞாபகம் வந்தா எனக்கு எழுதுங்க. எழுந்த கதையா இருக்கணும்னு அவசியம் இல்லை. எழுந்திருக்காத கதையும் பரவாயில்லை. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.